400 வோல்ட்டில் 1 மில்லியாம்ப்: எந்தக் கான்ஸ்டன்ட் கரண்ட் சர்க்யூட்டைக் கட்டுவது?

தண்டையார்பேட்டையில் எங்கள் ஒர்க்ஷாப் பெஞ்சுக்கு இரண்டு விதமான வேலைகள் மாறி மாறி வரும். ஒன்று பழைய வால்வு ரேடியோ, வால்வு ஆம்ப்ளிஃபயர். பரணில் இருபது வருஷம் தூங்கியதைத் தூசி தட்டித் தூக்கிவந்து "பாடுமா?" என்பார்கள். இன்னொன்று எல்இடி டிவியின் பேக்லைட் ஸ்ட்ரிப். முதல் வேலைக்கு 400 வோல்ட் வரை ஏறக்கூடிய, ஆனால் 1 மில்லியாம்புக்கு மேல் ஒரு துளியும் தராத சப்ளை வேண்டும். இரண்டாவதற்கு 5 முதல் 30 மில்லியாம்ப் வரை திருகி வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். ஸ்ட்ரிப்பில் எத்தனை எல்இடி இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி வோல்டேஜ் தானே அமைய வேண்டும்.

இரண்டுக்கும் வேண்டியது கான்ஸ்டன்ட் கரண்ட் சர்க்யூட், அதாவது எதை மாட்டினாலும் வைத்த கரண்ட்டை மாறாமல் தருவது. இரண்டையும் ஒரே சர்க்யூட்டில் அடக்கிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். நாலு மாசம், ஏழெட்டு மாஸ்ஃபெட், ஒரு ஸ்ட்ரிப், கொஞ்சம் விரல்தோல் செலவான பிறகு இதை எழுதுகிறேன்.

வால்வு ரேடியோவுக்குக் கரண்ட்டை ஏன் கட்டிப்போட வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலம்தான் இன்சுலேஷன். வருஷக்கணக்கில் வோல்டேஜ் படாமல் கிடந்தால் அது நலிந்துபோகும். அந்த நிலையில் பிளக்கைச் சொருகினால் லீக்கேஜ் ஏறி, உள்ளே சூடாகி, ஆவி சேர்ந்து டப்பா வெடிக்கும். கரண்ட்டைச் சின்ன அளவில் பிடித்துவைத்தால் படலம் மெல்ல மீண்டும் வளரும். இதற்கு ரீஃபார்மிங் என்று பெயர். 400 வோல்ட்டில் 5 மில்லியாம்ப் லீக் ஆனால் கண்டன்சருக்குள்ளேயே 2 வாட் எரிகிறது. 1 மில்லியாம்ப் என்றால் 0.4 வாட்தான். 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஆரோக்கியமாக இருந்தால் 1 மில்லியாம்பில் நொடிக்கு 20 வோல்ட் ஏறும், இருபதே நொடியில் 400 வந்துவிடும். நடுவில் நொண்டினால் எந்த வோல்டேஜில் நொண்டுகிறதோ அங்கேதான் வியாதி. நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி.

சப்ளைக்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய 300-0-300 ட்ரான்ஸ்ஃபார்மர். 300 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்து கண்டன்சரில் பிடித்தால் உச்சம் 424 வோல்ட் என்பது கணக்கு. ஆனால் லோடு (கரண்ட் இழுக்கிற பொருள்) இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடத்தான் தரும். அதோடு ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் மெயின் வோல்டேஜ் ஏறும். ஒரு ராத்திரி மீட்டரில் 458 பார்த்தேன். கீழே வருகிற ஒவ்வொரு சர்க்யூட்டையும் அந்த 458-ஐ வைத்துத்தான் எடைபோட்டேன். கரண்ட்டைப் பிடித்து நிறுத்துவது பெரிய வித்தை இல்லை; லோடு ஷார்ட் ஆகிற கணத்தில் அந்த 458 வோல்ட்டும் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் பாதி சர்க்யூட்டுகள் அங்கேயே கழன்றுவிடும்.

ரெசிஸ்டரும் சீரிஸ் பல்பும்

"இன்னாண்ணா, ஒரு ரெசிஸ்டர் போட்டா ஆவாதா?" என்று கடைத் தம்பி கேட்டான். ஆகும். கேலியாகக் கேட்டவனுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டியபோது எனக்கே ஆச்சரியம். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் ஷார்ட்டில் 4.6 மில்லியாம்ப் ஓடும். அப்போது கண்டன்சரில் வோல்டேஜே இல்லை, அதனால் சூடும் இல்லை. கண்டன்சருக்கு மிகக் கஷ்டமான இடம் பாதி வோல்டேஜ்: 229 வோல்ட், 2.3 மில்லியாம்ப், அதாவது அரை வாட் சொச்சம். அதற்கு மேல் போகவே போகாது. வருஷத்துக்கு இரண்டு ரேடியோ பார்க்கிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மேலே படிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட் வரைதான் தாங்கும், வாட் கணக்கு சரியாக இருந்தாலும். இரண்டு மூன்றைத் தொடரில் போடுங்கள், அல்லது 2 வாட் ரகம் வாங்குங்கள்.

ரெசிஸ்டரில் எனக்கு ஒட்டாதது இதுதான்: நாடி பார்க்க முடியாது. வோல்டேஜ் ஏற ஏற கரண்ட் குறைந்துகொண்டே வருவதால், ஏற்றம் மெதுவானது கண்டன்சரின் கோளாறாலா ரெசிஸ்டராலா என்று கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. திடீரென்று எகிறும் வோல்டேஜை விழுங்குகிற எம்ஓவி என்கிற வேரிஸ்டரின் வோல்டேஜ் 1 மில்லியாம்ப் டிசி ஓடும்போது அளந்துதான் குறிக்கப்படுகிறது. நிஜமான 1 மில்லியாம்ப் சோர்ஸ் கையில் இருந்தால் 270 வோல்ட் எம்ஓவி உயிரோடு இருக்கிறதா என்று ஒரே தொடுகையில் தெரிந்துவிடும். (வீட்டுச் சாதனங்களில் அதிகம் வருகிற 471 ரகத்துக்கு 500 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அது இந்தப் பெட்டியில் ஆகாது.)

சீரிஸ் பல்பு, அதாவது சோதிக்கிற சாதனத்துக்குத் தொடரில் மாட்டும் குண்டு பல்பு, இல்லாத மெக்கானிக் கடை வடசென்னையில் இருக்காது. குண்டு பல்பும் ஒருவகையில் கரண்ட் கட்டுப்படுத்திதான். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறும்; குளிர்ந்த இழைக்கும் எரிகிற இழைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும். வோல்டேஜைப் பாதியாக்கினால் கரண்ட் பாதியாவதில்லை, மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. 1930-களின் ரேடியோக்களில் இதே குணத்துக்காக ஹைட்ரஜன் நிரப்பிய குடுவைக்குள் இரும்பு இழை வைத்த பாரெட்டர் என்ற குழாயைப் போட்டார்கள். ஆனால் "ஜீரோ வாட்" என்று நாம் வாங்குகிற 15 வாட் பல்புகூட 65 மில்லியாம்ப் கணக்கில் வேலை செய்கிறது. ரேடியோவை முதன்முதலில் மெயினில் போடும்போது அது காவல்காரன். 1 மில்லியாம்ப் வேலைக்கு ஆகாது.

மெயினுக்குத் தொடரில் ஒரு கண்டன்சரைப் போட்டுக் கரண்ட்டைக் குறைக்கும் கெப்பாசிட்டர் டிராப்பரை ஒரு வரியில் தள்ளிவிடுகிறேன். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட்டுக்குச் சுமார் 72 மில்லியாம்ப், சூடே கிடையாது, காசும் கிடையாது. ஆனால் மெயினிலிருந்து பிரிவே இல்லை. மனிதன் கை வைக்கிற பெஞ்ச் சப்ளையில் அதைப் போடுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

குப்பையிலிருந்து கிடைக்கும் ட்ரான்சிஸ்டர்

அடுத்து இரண்டு ட்ரான்சிஸ்டர் சர்க்யூட். எம்ஜேஇ13003 பழைய சிஎஃப்எல் பல்பிலும் மொபைல் சார்ஜரிலும் கொட்டிக்கிடக்கிறது. கரண்ட் வெளியேறும் முனையான எமிட்டரில் ஒரு ரெசிஸ்டர், அதன் மேல் 0.65 வோல்ட் விழுந்ததும் இரண்டாவது ட்ரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு முதலாவதின் கட்டுப்பாட்டு முனையான பேஸை இழுத்துப் பிடிக்கும். 10 மில்லியாம்புக்கு 65 ஓம். படிக்கிற பையன்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நான் கட்டியதில் மூன்று தொல்லைகள் வந்தன. முதலாவது, அந்த 0.65 வோல்ட் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் இறங்கும். பெட்டிக்குள் 30 டிகிரி ஏறினால் 60 மில்லிவோல்ட் போச்சு, கரண்ட் 9 சதம் குறைந்தது. பேக்லைட்டுக்கு இது பரவாயில்லை. இரண்டாவது, பேஸுக்குக் கரண்ட் ஹைவோல்டேஜிலிருந்தே வரவேண்டும். 220 கிலோ ஓம் போட்டால் 2 மில்லியாம்ப் அதிலேயே ஓடுகிறது. 1 மில்லியாம்பை ஆளவேண்டிய சர்க்யூட் தன் கைச்செலவுக்கே 2 மில்லியாம்ப் கேட்கிறது. யானைக்குப் போட்ட தீனி மாதிரி. தனியாக 12 வோல்ட் கொடுத்தால் இது தீரும்.

மூன்றாவதுதான் மோசம். அந்த ட்ரான்சிஸ்டரின் 40 வாட் என்பது 25 டிகிரி கேஸில், குறைந்த வோல்டேஜில் சொன்ன கணக்கு. 300 வோல்ட்டில் வைத்தால் செகண்ட் பிரேக்டவுன் வந்து குறுக்கே நிற்கும்: சில்லில் ஒரு புள்ளி மட்டும் சூடாகி, எல்லாக் கரண்ட்டையும் தன்பக்கம் இழுத்து, சத்தமே இல்லாமல் ஷார்ட் ஆகும். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) எந்த வோல்டேஜில் எவ்வளவு கரண்ட் வரை பத்திரம் என்று காட்டும் சேஃப் ஏரியா கோட்டைப் பார்த்தால் வலது ஓரத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பது தெரியும். போதாததற்கு 400 வோல்ட்தான் அதன் எல்லை. 458-க்கு முன்னால் அது நிற்கவே கூடாத ஆள்.

டிப்ளீஷன் மாஸ்ஃபெட்

இங்கேதான் என் காசும் பொறுமையும் அதிகம் போனது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மாஸ்ஃபெட்டும் ஒருவகை ட்ரான்சிஸ்டர்தான்: கரண்ட் ட்ரெயின் முனையில் நுழைந்து சோர்ஸ் முனையில் வெளியேறும், கேட் முனை கதவை ஆளும். நாம் தினமும் பார்க்கிற மாஸ்ஃபெட்டுக்குக் கேட்டில் வோல்டேஜ் கொடுத்தால்தான் கதவு திறக்கும். டிப்ளீஷன் ரகம் தலைகீழ். கதவு திறந்தே இருக்கும். கேட்டை சோர்ஸைவிட மைனஸாக்கினால் மூடும். ஆகவே சோர்ஸில் ஒரு ரெசிஸ்டர், அதன் மறுமுனையைக் கேட்டோடு சேர்த்தால் முடிந்தது. ஓடுகிற கரண்ட்டே தன் கதவைத் தானே ஒருக்களித்துக்கொள்ளும். தனி சப்ளை வேண்டாம், ரெஃபரன்ஸ் வேண்டாம், இரண்டே முனை. ஹைவோல்டேஜ் பக்கத்திலேயே தொடரில் போடலாம். வால்வு ரேடியோவுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் கண்டன்சரின் மைனஸ், ரேடியோவின் உலோகச் சட்டமான சேஸியோடு ஒட்டியிருக்கும். அதைக் கழற்றாமலே வேலை பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் சொல்வது டிஎன்2540. 400 வோல்ட் தாங்கும், கேட்டையும் சோர்ஸையும் இணைத்தால் குறைந்தது 150 மில்லியாம்ப் விடும், ஆன் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம். 10 மில்லியாம்புக்குச் சோர்ஸில் 100 முதல் 300 ஓம் வரை எங்காவது அமையும். எங்காவது என்கிறேனே, அதுதான் குறை. கேட் மூடும் வோல்டேஜ் மைனஸ் 1.5-லிருந்து மைனஸ் 3.5 வரை பீஸுக்குப் பீஸ் மாறும். ஒவ்வொன்றுக்கும் ப்ரீசெட் (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வைத்துத் திருகித்தான் ஆகவேண்டும்.

டிஎன்2540 இரண்டைக் கேஸ்கோடாக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கினால் கரண்ட் பாறை மாதிரி நிற்கும் என்று படித்திருந்தேன். நிஜமாகவே நின்றது, லோடு வோல்டேஜை 50-லிருந்து 300 ஆக்கினாலும் என் மீட்டரின் கடைசி எண் அசையவில்லை. கூடவே எனக்கு ஒரு தப்பான நம்பிக்கை: இரண்டு 400 வோல்ட் பீஸ், ஆக 800 வோல்ட் தாங்கும் என்று. தாங்காது. கேஸ்கோடில் கீழே இருப்பவன் இரண்டு மூன்று வோல்ட் மட்டும்தான் பார்ப்பான். மிச்சம் அத்தனையும் மேலே இருப்பவன் தலையில். அந்த ராத்திரி 458 வோல்ட்டில் அவுட்புட்டை ஷார்ட் பண்ணிப் பார்த்தேன். டப் என்று ஒரு சத்தம். மேலவன் போனதும் மொத்த வோல்டேஜும் கீழவன் மேல் விழ, அவனும் கூடவே போனான். தப்பு முழுக்க என்னுடையது.

வோல்டேஜை நிஜமாகவே பங்குபோட வேண்டுமானால் கேட்டுகளுக்கு ரெசிஸ்டர் டிவைடர் கட்டவேண்டும். இரண்டு 470 கிலோ ஓம் என்று வைத்தால் அந்த வழியில் அரை மில்லியாம்ப் தனியாக ஓடி லோடில் சேரும். 20 மில்லியாம்பில் அது தூசு. 1 மில்லியாம்பில் பாதி கணக்கு போய்விடும்.

1 மில்லியாம்புக்கு எல்என்டி150 என்று ஒரு குட்டி இருக்கிறது. டிஓ-92 என்கிற குட்டிப் பிளாஸ்டிக் உடம்பு, 500 வோல்ட், கேட்டும் சோர்ஸும் இணைந்த நிலையில் 1 முதல் 3 மில்லியாம்ப். நமக்கு வேண்டியதற்காகவே பிறந்தது மாதிரி. 5 கிலோ ஓம் ப்ரீசெட் போதும். சில பீஸில் அதையும் பூஜ்யத்துக்குத் திருகவேண்டி வரும். சூட்டை மட்டும் பார்க்கவேண்டும். அந்த உடம்பு 25 டிகிரியில் 0.74 வாட்தான் தாங்கும், மே மாசத் தண்டையார்பேட்டை 25 டிகிரி இல்லை. 458 வோல்ட்டில் 1 மில்லியாம்ப் என்றால் 0.46 வாட், விளிம்புக்குப் பக்கம். 2 மில்லியாம்ப் என்றால் செத்தது.

இந்த இடத்தில்தான் தம்பியின் ஒற்றை ரெசிஸ்டர் திரும்பி வந்தது. எல்என்டி150-க்கு முன்னால் 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டேன். 1 மில்லியாம்ப் ஓடும்போது 100 வோல்ட்டை அது வாங்கிக்கொள்கிறது. மாஸ்ஃபெட் பார்ப்பது 358 வோல்ட்தான், சூடும் 0.36 வாட்டாக இறங்கியது. மாஸ்ஃபெட் எப்போதாவது ஷார்ட் ஆனாலும் அதிகபட்சம் 4.6 மில்லியாம்ப், கண்டன்சரும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். 100 வோல்ட்டை ரெசிஸ்டர் தின்றுவிட்டால் கண்டன்சருக்கு முழு வோல்டேஜ் கிடைக்காதே என்று யோசித்தேன். கிடைக்கும். படலம் வளர வளர லீக்கேஜ் குறைகிறது; 0.2 மில்லியாம்பில் ரெசிஸ்டர் தின்பது 20 வோல்ட்தான். முழு வோல்டேஜ் கேட்கிற நேரத்தில் கரண்ட் கேட்காத லோடு இது. எவ்வளவு வரை ஏறவேண்டும் என்பதை முன்னால் உள்ள வேரியாக்கில் (வோல்டேஜைத் திருகி மாற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்துக்கொள்கிறேன். 350 வோல்ட் கண்டன்சருக்கு 350-ஐத் தாண்ட விடுவதில்லை.

பீஸ் வாங்குவது தனிக் கதை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இந்தப் பக்கம் வந்தபிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். அங்கே ஒரு கடையில், பேர் வேண்டாம், டிஎன்2540 என்று அச்சடித்துத் தந்தது சாதாரண மாஸ்ஃபெட். இப்போதெல்லாம் கவுண்டரிலேயே சோதித்துவிடுகிறேன். கேட்டையும் சோர்ஸையும் ஒரு கம்பியால் சேர்த்து, ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் ஓம்ஸில் மீட்டர் வைத்தால் அசல் டிஎன்2540 இருபது சொச்சம் ஓம் காட்டவேண்டும், எல்என்டி150 சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துக்குள். மீட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் காட்டவேண்டும். சாதாரண மாஸ்ஃபெட் என்றால் சரியான பக்கத்தில் ஓப்பனாகவே இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஐசி வழிகள்

எல்எம்317-ஐ ஒரு ரெசிஸ்டரோடு கரண்ட் சோர்ஸாக எல்லோரும் கட்டியிருப்போம், 1.25 வோல்ட்டை ரெசிஸ்டரால் வகுத்தால் கரண்ட். சூட்டுக்கு அசையாது, அருமை. ஆனால் அதற்குக் குறுக்கே 40 வோல்ட்தான் தாங்கும், அதனால் மேலே ஒரு ஹைவோல்டேஜ் மாஸ்ஃபெட்டைக் குடையாகப் பிடிக்கவேண்டும். பிடித்தாலும், ஒழுங்காக நடக்க அதற்கே 10 மில்லியாம்ப் வரை தேவைப்படலாம் என்கிறது டேட்டாஷீட். ஆக 1 மில்லியாம்புக்கு ஆகாது, 20-க்கு மேல் நன்று. குடை மாஸ்ஃபெட்டின் உள்கெப்பாசிட்டன்ஸ் வழியாக ஸ்விட்ச் போட்ட கணத்தில் ஒரு துடிப்பு பாயும்; 317-க்குக் குறுக்கே, வோல்டேஜை எல்லை தாண்டாமல் பிடிக்கும் ஜீனர் டையோடு இல்லாமல் கட்டினால் முதல் ஆனிலேயே அது போகும்.

எல்ஆர்8 என்ற ஐசி 450 வோல்ட் வரை நேரடியாகத் தாங்கும், அரை மில்லியாம்பிலேயே வேலை செய்யும். கேட்க இனிக்கிறது. 10 மில்லியாம்ப் அதன் எல்லை, டிஓ-92 உடம்பில் சூடு அதற்கு முன்பே நிறுத்திவிடும். சூடானால் தானே அணைந்துகொள்ளும் புத்தி அதற்கு உண்டு, அது பாராட்ட வேண்டியது. ஆனால் என் 458 இங்கேயும் குறுக்கே வந்தது. சப்ளை 400-க்குள் நிற்கிறவர்களுக்கு எல்என்டி150-க்குப் பதில் இதை யோசிக்கலாம்.

ஆப்-ஆம்பும் பெரிய மாஸ்ஃபெட்டும்

5 முதல் 30 மில்லியாம்ப் வரை ஒரு பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர், குமிழ் வைத்த ரெசிஸ்டர்) திருகி வைக்கவேண்டும் என்றால் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறோம். இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டுக் கேட்டை ஆளும் ஆப்-ஆம்ப் ஐசியாக எல்எம்358, தனி 12 வோல்ட், டிஎல்431-இன் 2.5 வோல்ட்டிலிருந்து பாட் வழியாக ரெஃபரன்ஸ், சோர்ஸில் 47 ஓம். 30 மில்லியாம்புக்கு 1.41 வோல்ட். எல்எம்358-இன் ஆஃப்செட் (ஒப்பிடுவதில் அதன் பிறவிப் பிழை) மோசமாக 7 மில்லிவோல்ட் இருந்தாலும் 0.15 மில்லியாம்ப் பிழைதான். இது லோடின் மைனஸ் பக்கத்தில் உட்கார்ந்து இழுக்கிற சர்க்யூட், லோடு நடுவில் மிதக்கும்; டிவியிலிருந்து கழற்றிய ஸ்ட்ரிப்புக்குப் பிரச்சினை இல்லை, சேஸியோடு ஒட்டிய கண்டன்சருக்கு ஆகாது. ஒரே சர்க்யூட் என்ற என் ஆசை இங்கே முறிந்தது.

மாஸ்ஃபெட்டாக ஐஆர்எஃப்840 போட்டு ஆரம்பித்தேன். 500 வோல்ட், 125 வாட் என்று எழுதியிருக்கிறது. அந்த 125 வாட்டை நம்பாதீர்கள். அதன் சேஃப் ஏரியா படத்தில் கோடுகள் 10 மில்லிசெகண்டோடு நின்றுவிடும், டிசிக்குக் கோடே இல்லை. ஸ்விட்சாக ஓடப் பிறந்ததைப் பாதி திறந்த கதவாக நிற்கவைக்கிறோம். கேட் வோல்டேஜ் குறைவாக இருக்கும் அந்த நிலையில், சில்லின் சூடான மூலை இன்னும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும், இன்னும் சூடாகும். பழைய பிளேனார் ரகங்கள் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கின்றன, புது ரகங்கள் பொறுப்பதில்லை. இப்போது 800 வோல்ட் ஐஆர்எஃப்பிஇ30 ஓடுகிறது. 3.3 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் தொடரில் இருக்கிறது; 30 மில்லியாம்பில் 99 வோல்ட்டும் 3 வாட்டும் அது சுமக்கிறது. அவுட்புட் ஷார்ட்டில் மாஸ்ஃபெட்டுக்கு வருவது 11 வாட்டுக்குள். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், அதற்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் இன்சுலேஷனாக வைக்கும் மைக்கா எல்லாம் சேர்த்து வாட்டுக்கு 5 டிகிரி என்றால் 55 டிகிரி ஏற்றம். கத்திரி வெயிலில் பெட்டிக்குள் 50 என்று வைத்தாலும் 105-இல் நிற்கும். ஒயர்வவுண்ட் இல்லாமல் கட்டியிருந்தால் இன்னொரு 15 டிகிரி.

இந்த சர்க்யூட்டுக்கு இரண்டு கெட்ட பழக்கம். ஒன்று, கேட்டின் கெப்பாசிட்டன்ஸைப் பார்த்து ஆப்-ஆம்ப் மிரண்டு ஆசிலேட் ஆவது, அதாவது நிற்காமல் மேலும் கீழும் ஆடுவது. மீட்டரில் கரண்ட் சரியாகவே காட்டும். மாஸ்ஃபெட் மட்டும் கணக்குக்கு மேல் சுடும். கேட்டில் 1 கிலோ ஓம், கரண்ட்டை அளக்கும் 47 ஓமிலிருந்து ஆப்-ஆம்பின் மைனஸ் முனைக்கு 10 கிலோ ஓம், அங்கிருந்து ஆப்-ஆம்ப் அவுட்புட்டுக்கு ஒரு நானோஃபாரட், அடங்கிவிடும். இன்னொன்று ஒரு ஸ்ட்ரிப்பைத் தின்றது. லோடு இல்லாதபோது ஆப்-ஆம்ப், கரண்ட் வரவில்லையே என்று கேட்டை முழுக்கத் திறந்துவைத்துக் காத்திருக்கும். ப்ரோப் முனை தொட்ட கணம் வெள்ளம். எல்எம்358 மெதுவானது, அது சுதாரிப்பதற்குள் ஸ்ட்ரிப் பளிச்சென்று மின்னி ஒரு எல்இடி அணைந்தே போனது. சோர்ஸுக்கும் 47 ஓமுக்கும் நடுவில் ஒரு 15 ஓம், அதன் குறுக்கே பிசி547-இன் பேஸும் எமிட்டரும், கலெக்டர் கேட்டில். 43 மில்லியாம்ப் தாண்டினால் ஆப்-ஆம்புக்குக் காத்திராமல் அதுவே கேட்டை அடித்துப்போடும். மேலே சொன்ன இரண்டு ட்ரான்சிஸ்டர் சர்க்யூட்தான், காவலுக்கு மட்டும்.

பியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. 250 வோல்ட் ஏசி என்று எழுதிய கண்ணாடி பியூஸை 458 வோல்ட் டிசியில் போட்டால் கம்பி உருகியும் ஆர்க் நிற்காமல் போகலாம். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் ஒயர்வவுண்டில் 60 வாட்டுக்கு மேல் எரியும், அதனால் பியூஸ் வேண்டும்தான். ட்ரான்ஸ்ஃபார்மரின் மெயின் பக்கத்தில், 160 மில்லியாம்ப் ஸ்லோ ரகம்.

கரண்ட்டை வேகமாகத் திறந்து மூடி அளவிடும் ஸ்விட்சிங் டிரைவர், உதாரணத்துக்கு 450 வோல்ட் வரை ஏற்கும் எச்வி9910, சூட்டுப் பிரச்சினையை வேரோடு பிடுங்கும். 350 மில்லியாம்ப் தெருவிளக்கு எல்இடிக்கு மேலே பார்த்தது மாதிரி மிச்ச வோல்டேஜைச் சூடாக எரிக்கும் லீனியர் சர்க்யூட் கட்டுவது மடத்தனம், அங்கே இதுதான். என் பெஞ்சில் லோடு ஷார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். அந்த ஐசி ஒருமுறை திறந்தால் சில நூறு நானோ செகண்டாவது திறந்திருக்கும், 400 வோல்ட் உள்ளே, பூஜ்யம் வெளியே என்றால் அதற்குள் காயிலில் கரண்ட் படிப்படியாக ஏறிவிடும். 1 மில்லியாம்பில் ரிப்பிளும் (கரண்ட்டின் ஏற்ற இறக்க அலை) சேர்ந்துகொள்ளும். இந்த வேலைக்கு வேண்டாம்.

உப்புக் காற்று

காசிமேட்டுக் கடல் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னலைத் திறந்தால் உப்பு, மூடினால் துறைமுக லாரிகளின் புழுதி எப்படியோ உள்ளே. 12 வோல்ட் சர்க்யூட்டுக்கு இது பச்சை பிடிக்கிற தொல்லை மட்டும்தான். 400 வோல்ட்டில் போர்டு மேல் ஈரப் புழுதி 10 மெகா ஓம் பாதை போட்டால் 40 மைக்ரோஆம்ப் ஓடிவிடும். கண்டன்சரின் லீக்கேஜ் என்று நான் எழுதி வைத்ததில் பாதி, என் சொந்த போர்டின் லீக்கேஜாக இருந்தது ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. இப்போது ஹைவோல்டேஜ் தடத்தைச் சுற்றி போர்டை அறுத்துவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவி வார்னிஷ் அடித்திருக்கிறேன். லோடு இல்லாமல் முனைகளைத் திறந்துவைத்து ஓடும் கரண்ட்டை முதலில் அளந்து கழித்துக்கொள்கிறேன். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு ட்ரெயின் என்பதால், மைக்கா இல்லாமல் ஹீட்சிங்கில் முடுக்கினால் ஹீட்சிங்கே 400 வோல்ட். மைக்கா போட்டு ஹீட்சிங்கை எர்த் பண்ணியாகிவிட்டது.

ஆக, பெட்டி ஒன்றுதான், உள்ளே சர்க்யூட் இரண்டு. ஒரு ஜோடி முனையில் எல்என்டி150-உம் 100 கிலோ ஓமும். இன்னொரு ஜோடியில் ஆப்-ஆம்பும் ஐஆர்எஃப்பிஇ30-உம். 1 மில்லியாம்ப் முனைகளுக்குக் குறுக்கே அழுத்தினால் சேரும், மிச்ச மின்சாரத்தை வடிக்கும் 100 கிலோ ஓம் ப்ளீடர் ரெசிஸ்டர் ஒன்று, ஏனென்றால் 50 மைக்ரோஃபாரட்டில் 400 வோல்ட் என்பது 4 ஜூல், சப்ளையை அணைத்தாலும் கண்டன்சர் மறக்காது. அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை.

பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர் ஒருவரின் ரேடியோதான் இதில் முதலில் ஏறியது. ஒரே டப்பாவுக்குள் 32-உம் 32-உம், 350 வோல்ட். முதல் பாதி நொடிக்கு முப்பது வோல்ட் கணக்கில் துள்ளி ஏறி, 280-இல் தயங்கி, பத்து நிமிஷத்தில் 350-ஐத் தொட்டு, லீக்கேஜ் 0.15-க்கு இறங்கியது. இரண்டாவது பாதி 140 வோல்ட்டில் நின்றது. ஒரு மணி நேரம் விட்டும் 140-ஐத் தாண்டவில்லை. டப்பா கைக்கு இளஞ்சூடாக இருந்தது. அந்தப் பாதியை மட்டும் கழற்றிவிட்டு, 33 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் புதுசு ஒன்றைச் சேஸிக்கு அடியில் மறைத்துக் கட்டினேன். மேலே பார்த்தால் அதே பழைய டப்பாதான். பெரியவருக்கு அது முக்கியம்.